பதினேழாம் படிக்குக் கீழே

வியாழக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். ரயில் ஆறரைக்குத்தான். எனக்கு எழுத்துத் தெரியாது. போர்டு படிக்கத் தெரியாதவர்கள் ரயிலுக்கு முன்னால் வந்துவிட வேண்டும்; நாலு பேரிடம் கேட்டு, நாலு பேரும் ஒரே பதிலைச் சொன்னால்தான் நான் ஏறுவேன். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மருமகள் விஜயா. நான் “வூடு” என்றால் அவள் “வீடு” என்று எழுதுகிறாள். எழுதட்டும். ஆனால் மற்றவர்கள் பேசினதைப் பேசினபடியே எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

பொம்மிடிக்குப் பத்து ரூபாய் டிக்கெட். கையில் ஒயர்க்கூடை. கூடைக்குள் கடலை உருண்டை முப்பது, புளிச்சோறு ஒரு தூக்கு, மாற்றுச்சேலை ஒன்று. எல்லாம் என் மகள் வயிற்றுப் பேத்தி தேன்மொழிக்காக. சேலை மட்டும் எனக்கு.

ரயிலில் எதிரே கொய்யாக்கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன்.

“எம் பேத்தி கெணத்துல எறங்கறா. அதப் பாக்கப் போறேன்.”

அவள் கொய்யாவைக் கீழே போட்டுவிட்டாள்.

“அய்யய்யோ! என்னாம்மா, புருசனோட சண்டையா?”

“கல்யாணமே ஆவல. அவளுக்கு வேலையே அதான். சம்பளத்துக்கு எறங்கறா.”

“கெணத்துல எறங்கச் சம்பளமா? எம் மாமியா தெனமும் என்னியப் போயி கெணத்துல வுழுடீன்னுது. வெவரம் தெரியாம சும்மா இருந்துட்டனே!”

பெட்டியே சிரித்தது. பொம்மிடி வரும்வரை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். தேன்மொழி கடலோர ஊர் ஒன்றில், சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குக் கடலுக்குள் முங்கக் கற்றுக்கொடுக்கிறாள். முதுகில் காற்றுச் சிலிண்டர், முகத்தில் கண்ணாடி, வாயில் கடித்துக்கொள்ள ஒரு ரப்பர்க் குழாய். ஒரு மணி நேரம் உள்ளேயே இருப்பாள். லீவு கிடைத்தால் கூட வேலை செய்யும் அந்தோணி என்பவரையும் கூட்டிக்கொண்டு, நல்ல தண்ணீர்க் கிணறுகளிலும் குகைகளிலும் ஊற்றைத் தேடிப்போவாள். அதைப் போனில் படம் பிடித்துப் போடுவாள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப் பக்கம் கல்லாங்காட்டூர் என்ற ஊரிலிருந்து ராணி என்கிற அம்மா கூப்பிட்டிருக்கிறாள். அவள் கிணற்றை அவளுடைய மகனே சனிக்கிழமை ஜேசிபி வைத்து மூடப்போகிறான். ஊற்று உயிரோடு இருக்கிறது என்று காட்டினால் மூடமாட்டேன் என்று ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறானாம். வியாழன், வெள்ளி, இரண்டு நாள்தான். “ஆயா, நீயும் வா, பக்கத்துலதான்” என்றாள் பேத்தி. இவள் முங்குவதை நான் நேரில் பார்த்ததே இல்லை. கிளம்பிவிட்டேன்.

பொம்மிடிக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும் என்றார்கள். அங்கிருந்து பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பத்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. ஆனாலும் கண்டக்டர் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுப்பார், அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் மஞ்சளும் மரவள்ளியும் பாக்கும் பச்சென்று நின்றன. கார்த்திகை மழை இந்த வருஷம் நன்றாகப் பெய்திருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு டீ பன்னிரண்டு ரூபாய். மொரப்பூரில் பத்துதான். ஆனால் இங்கே டம்ளர் பெரிசு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். சித்தேரி மலை பக்கத்தில் வர வர எனக்கு உள்ளுக்குள் ஏதோ தட்டிக்கொண்டே வந்தது. கல்லாங்காட்டூர் என்ற பேர் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மலையின் வளைவு தெரியும். ஒன்பதரை மணிக்கு ஆட்டோ நின்றது. இறங்கிப் பார்த்தால், கிணற்று ஓரத்தில் படுத்த மாடு மாதிரி ஒரு பாறை.

அந்தப் பாறை மேல் உட்கார்ந்து நான் களி தின்றிருக்கிறேன்.

அப்போது இந்த இடத்துக்கு மலையாங்காடு என்று பேர் சொல்வார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் வீட்டுக்காரர் முனுசாமியும் நானும் கிணறு வெட்டும் கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தோம். ஆண்கள் பாறையில் வெடி வைப்பார்கள், கடப்பாறை போடுவார்கள். பெண்கள் கல்லை அள்ளி இரும்புத் தொட்டியில் போடுவோம். மேலே கிரேன் இழுத்துக் கொட்டும். எத்தனையோ கிணறு வெட்டினோம். இந்தக் கிணறு மறக்காது, ஏனென்றால் இதற்குள்தான் நான் மயங்கி விழுந்தேன். தேன்மொழியின் அம்மா அப்போது என் வயிற்றில் நாலு மாதம்.

“ஆயா!” என்று ஓடிவந்தாள் தேன்மொழி. கறுப்பு ரப்பர் உடை, உச்சியில் கட்டின கொண்டை. உடையை நனைத்துத்தான் மாட்டுவார்களாம்; கட்டிக்கொண்டதும் என் சேலையெல்லாம் நனைந்துவிட்டது. “கடல உருண்ட இருக்குதா?”

“மொதல்ல நல்லாருக்கியான்னு கேளுடி.”

“உருண்ட கொண்டாந்தா நல்லாத்தான் இருப்ப.”

அந்தோணிக்கு ஐம்பது வயது இருக்கும். தூத்துக்குடிப் பக்கம். சிறு வயதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலில் சங்கு எடுத்தவர். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, இரண்டு உருண்டையை ஒரே வாயில் போட்டுக்கொண்டார்.

ராணிக்கு ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று இருக்கும். கிணற்று மேட்டில் ஏழு கல் நட்டுக் கன்னிமாராக வைத்திருக்கிறார்கள். ராணி ஏழுக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். மிச்சமிருந்த குங்குமத்தைக் கொண்டுவந்து, புதுசாக வாங்கின வண்டிக்கு வைக்கிற மாதிரி, இரண்டு சிலிண்டருக்கும் வைத்தாள். எலுமிச்சம்பழத்தையும் சுற்றிப்போட்டாள். அந்தோணி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

“யார் யாரு பாக்கணுமோ எல்லாரும் பாத்துக்கிடட்டும்” என்றார்.

மகன் செல்வம் தள்ளி நின்றான். இடுப்பில் மூன்று வயதுப் பெண்குழந்தை. அவனைக் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டுதான் நான் வந்தேன். குழந்தையைப் பார்த்ததும் அப்படி நினைக்க முடியவில்லை. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. பக்கத்தில் மூடுவதற்கு என்று நாலு டிராக்டர் கருங்கல் கொட்டி வைத்திருந்தான்.

“மழக்காலத்துல மட்டும் தண்ணி நிக்கும்ங்க. பங்குனி வந்தா அடில ஆளுயரத்துக்குச் சேறுந்தண்ணியும் கெடக்கும், அவ்ளோதான். மருந்தடிக்கக்கூடப் பத்தாது. இந்தப் புள்ள இப்ப ஓடியாட ஆரம்பிச்சிடுச்சு. இந்தக் குழிய வெச்சிக்கிட்டு நான் எப்படிங்க தூங்கறது?”

“குழின்னு சொல்லாதடா. உங்க தாத்தா இத வெச்சித்தான் நாலு புள்ளைங்கள வளத்தாரு” என்றாள் ராணி. பிறகு என்னிடம் திரும்பினாள். “எங்க மாமியா சொல்லும்க்கா. முன்னல்லாம் சித்திரையிலயும் ஊத்து பாயுமாம். அறுவதடி கெணத்த எழுவதடிக்கு ஆழமாக்குனாங்களாம். அந்த வருசத்தோட ஊத்து செத்துப்போச்சு. கன்னிமாருக்குக் கோவம்னு சாவற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு.”

எனக்கு ஒரு கட்டை ஞாபகத்துக்கு வந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்குக் கிணறு வெட்டுகிறவர்களின் வழக்கம் தெரியாது. சொல்லிவிடுகிறேன். ஆழமாக்கும்போது பாறையில் ஊற்றுக்கண் பெரிசாகத் திறந்துகொண்டால், இறைத்து மாளாது; வேலை நின்றுவிடும். அதனால் அந்தக் கண்ணில் வேலமரக் கட்டையைச் சீவி, துணி சுற்றி, சம்மட்டியால் அடித்து அடைத்துவிடுவார்கள். வேலை முடிகிற அன்று பூசை போட்டு, கட்டையைப் பிடுங்கி, தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்போது எல்லாரும் நனைந்துகொண்டு மேலே ஏறுவோம். பிடுங்கின கட்டையை எரித்துத்தான் அன்றைக்குப் பொங்கல் வைப்பார்கள். இதில் ஒரு கண்டிப்பு உண்டு: கட்டையை அடித்தவர்தான் பிடுங்க வேண்டும். வேறு ஒருத்தரும் கை வைக்கமாட்டார்கள்.

இந்தக் கிணற்றில் அடித்தது என் வீட்டுக்காரர். சுற்றின துணி என் சேலையில் கிழித்தது. மறுநாள் நான் மயங்கி விழுந்தேன். என்னைத் தொட்டியில் உட்காரவைத்து மேலே இழுத்தார்கள். அவர் என்னை மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்று சாயங்காலமே மழை பிடித்து, மூன்று நாள் விடாமல் பெய்து, கிணறு நிரம்பிவிட்டது. கூட்டம் கர்நாடகா பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டது. கட்டையை மேஸ்திரி எடுத்திருப்பார் என்று இவர் நினைத்தார். அடித்தவன் எடுத்திருப்பான் என்று மேஸ்திரி நினைத்திருப்பார். ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளவே இல்லை. மேஸ்திரியும் போய்ச் சேர்ந்தார், எட்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரரும் போனார்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன், நினைத்தேன். தேன்மொழி கடலை உருண்டையைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அவள் அம்மாவுக்கும் அதே பார்வை.

“ராணி, கன்னிமாருக்குக் கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல. ஊத்து செத்திருக்காது. நாங்கதான் அடச்சிட்டுப் போயிட்டோம்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

ராணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். செல்வம்தான் முதலில் பேசினான்.

“அப்ப எங்க கெணத்தக் கெடுத்ததே நீங்கதானா?”

“ஆமா சாமி.”

“நாப்பது வருசமா எங்காயா அந்தக் கல்லுங்களுக்குக் கோழி அறுத்துச்சுங்க!”

“அறுத்த கோழிய நீங்கதான தின்னீங்க?” என்றார் அந்தோணி. செல்வம் சிரித்துவிடக்கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டான். ஆனால் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

தேன்மொழிக்கு ஒரே குதிப்பு. “எந்தப் பக்கம் ஆயா? எவ்ளோ ஆழத்துல?”

அடி மட்டத்தில், பாறைக்குள் பன்னிரண்டு அடி குடைந்துபோன குகை. குகையின் கடைசியில் இடுப்பு உயரத்தில் கண். எல்லாம் நேற்றுப் பார்த்த மாதிரி இருந்தது. “மோட்டார் கொட்டாய்க்கு நேர் கீழ” என்றேன். கொட்டாய் கிழக்குக் கரையில் நின்றது.

பதினோரு மணிக்கு இருவரும் இறங்கினார்கள். கிணறு நாற்பதடிக்கு நாற்பதடி. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக்கற்கள்தான் படி. மேலேயிருந்து எண்ணிப் பார்த்தேன், பதினேழாம் படியின் விளிம்பைத் தண்ணீர் தொட்டும் தொடாமலும் கிடந்தது. அதற்குக் கீழே நாற்பத்தைந்து அடித் தண்ணீர். இரண்டு தலையும் உள்ளே போனதும் குமிழி குமிழியாக வந்தது. பயமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அடுப்பில் சோறு கொதிப்பதைப் பார்க்கிற மாதிரி, குமிழி வந்துகொண்டிருக்கிற வரை எல்லாம் சரியாக நடக்கிறது என்று தெரிந்தது.

முப்பத்தைந்து நிமிஷம் கழித்து மேலே வந்தார்கள்.

“ஒண்ணுமில்ல ஆயா. கெழக்குச் செவுரு பூரா முழுப்பாற. ஒரு பொந்துகூட இல்ல.”

“அதான் சொன்னேன்” என்றான் செல்வம். சொன்ன பிறகு அவனுக்கே அவ்வளவு சந்தோஷம் இருந்த மாதிரித் தெரியவில்லை. ராணி சாப்பாடு போடப் போய்விட்டாள். ராகிக்களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். நான் களியைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஓர் ஆசையைக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் பறித்துவிட்டேனே என்று இருந்தது.

“நானும் உள்ள வந்து பாக்கட்டா?” என்று கேட்டேன்.

விளையாட்டுக்கு என்று நினைத்தார்கள். விளையாட்டு இல்லை. நான் கிணற்றிலேயே நீச்சல் பழகினவள். கல்யாணத்துக்கு முந்தினநாள் வரை மேலேயிருந்து குதித்திருக்கிறேன்.

அந்தோணி கேள்வி கேட்டார். “பிரஷர் உண்டுமா? சுகர்? நெஞ்சுவலி, வீசிங்கு? மாத்திர ஏதும் போடுதியளா?”

“மாத்திர போடறது நான் இல்ல, எம் மருமவ.” (இதையும் எழுதுடி விஜயா.)

“உங்க ஆயா பேசுத பேச்சுக்கு நெஞ்சு நல்லாத்தான் இருக்கும்” என்றார் தேன்மொழியிடம். “ஆறடிக்கு மேல கூடாது. உங்கையி அவங்க கைய விடக்கூடாது. நான் அடில நிப்பேன்.”

இரண்டரை மணிக்கு, ராணியின் நைட்டிக்கு மேல் ஈயக்கட்டி கோர்த்த பெல்ட்டைக் கட்டிவிட்டார்கள். பதினேழாம் படியில் உட்கார்ந்து பாடம். மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது. விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காது வலித்தால் மூக்கைப் பிடித்து ஊத வேண்டும். கட்டைவிரலைத் தூக்கினால் “மேலே போகலாம்” என்று அர்த்தம். நாம் “சூப்பர்” என்று காட்டுவோமே, அதைக் காட்டக்கூடாது. நான் இரண்டு தடவை சந்தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கிவிட்டேன். இரண்டு தடவையும் என்னை மேலே கொண்டுவந்துவிட்டார்கள்.

மூன்றாவது தடவை உள்ளே போனேன்.

எப்படிச் சொல்வது? எத்தனை கிணற்றில் குளித்திருக்கிறேன், தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கல்தான். இப்போது எல்லாம் தெளிவாக இருந்தது. வெயில் கம்பி கம்பியாக உள்ளே இறங்கியது. ஜிலேபி மீன் ஒன்று என் கண்ணாடிக்கு எதிரே வந்து நின்று, யாரிது புதுசாக என்று பார்த்தது. கீழே அந்தோணியின் டார்ச்சு நிலா மாதிரி. என் மூச்சு எனக்கே கேட்டது. உரலில் மாவு ஆட்டுகிற சத்தம். உடம்புக்கு எடையே இல்லை. முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. நான் வெட்டின கிணற்றுக்குள் நான் பறந்துகொண்டிருந்தேன்.

தேன்மொழி கையைப் பிடித்துச் சுவரோரமாகவே ஒரு சுற்றுக் கூட்டிப்போனாள். கிழக்கு, தெற்கு. மேற்குச் சுவருக்கு வந்தபோது, பாறையிலிருந்து இரண்டு இரும்புத் தூலம் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. துரு ஏறி, நுனி அறுத்துவிடப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று எல்லாம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் மோட்டாரைக் கரையில் வைக்கமாட்டார்கள். கிணற்றுக்குள் தூலம் போட்டு அதன்மேல் வைப்பார்கள். அதற்கு நேர் மேலேதான் கொட்டாய் இருக்கும். கொட்டாய் இடம் மாறிவிட்டது! நான் சொன்ன கொட்டாய் இப்போது இருக்கிற கொட்டாயே இல்லை.

தூலத்தைக் காட்டி, கீழே காட்டி, மறுபடியும் தூலத்தைக் காட்டினேன். தேன்மொழிக்குப் புரியவில்லை. கடைசியில் கட்டைவிரலைத் தூக்கினேன். இந்தத் தடவை சரியாகத்தான் தூக்கினேன்.

மேலே வந்து சொன்னதும் ராணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “கோடைல தெனமும் பாக்கற இரும்புதான்க்கா அது! துணி காயப்போட யாரோ அடிச்சதுன்னு நெனச்சேன்.”

“கெணத்துக்குள்ள யாராச்சும் துணி காயப்போடுவாங்களாம்மா?” என்றான் செல்வம்.

“உங்கப்பன் போடுவாரு.”

அன்றைக்குக் காற்றுத் தீர்ந்துவிட்டது. சிலிண்டரில் காற்றடைக்கும் கம்ப்ரசர் கிணற்றோரத்தில் மாலைவரை ஓடியது. அந்தோணி எனக்குக் குகைக்கணக்குச் சொன்னார். காற்றை மூன்று பங்காகப் போட வேண்டுமாம். ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர. மூன்றாவது பங்கைத் தொடவே கூடாது, அது ஆபத்துக்கு. தலைக்கு மேல் பாறை இருக்கிற இடத்தில் நினைத்ததும் மேலே வர முடியாது அல்லவா. விதைச்சோளத்தை எடுத்துச் சமைக்காமல் வைக்கிற மாதிரி என்று புரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு மேற்குச் சுவரில் இறங்கினார்கள். வெளியே ஒரு கல்லில் நைலான் கயிற்றைக் கட்டி, அதை விட்டுக்கொண்டே உள்ளே போவார்கள். சேறு கிளம்பிக் கண் தெரியாமல் போனாலும் கயிற்றைத் தடவிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். நான் பதினேழாம் படியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தேன். கீழே இரண்டு வெளிச்சம். ஒன்று பாறைக்குள் நுழைந்து மறைந்தது. பிறகு இன்னொன்றும். குமிழியும் நின்றுபோனது.

குமிழி வந்துகொண்டிருக்கிற வரை பயமில்லை என்று சொன்னேன் அல்லவா. இப்போது பயந்தேன். இந்த ஊற்று இல்லாவிட்டால் என்ன, ஊர் உலகத்தில் கிணறா இல்லை என்று நினைத்தேன். செல்வம் குழந்தையை ராணியிடம் கொடுத்துவிட்டு, எனக்குப் பக்கத்துப் படியில் வந்து உட்கார்ந்தான்.

“காத்து குகைக்குள்ளயே மேல தங்கிடும்மா. அதான் குமிழி வரல. நேத்து அண்ணன் சொன்னாரு” என்றான். நேற்று கேட்காத மாதிரி நின்றவன், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

அரை மணி கழித்து வெளிச்சம் வெளியே வந்தது. ஏறினதும் தேன்மொழி வாயிலிருந்து குழாயைத் துப்பினாள்.

“இருக்குது ஆயா! கட்ட இருக்குது! வாய்க்கால் ஓரம் மாதிரி சேறு, அதுக்கு மேல நல்லாத் தெரியுது. ஆனா அசையல.”

அந்தோணி கடப்பாறை நுனியால் ஆட்டிப் பார்த்திருக்கிறார், இழுத்துப் பார்த்திருக்கிறார். ஒரு பங்குக் காற்றுத் தீர்ந்ததும், ஆசையாக இருந்தாலும், திரும்பிவிட்டார்கள்.

“அந்தோணி தம்பி, நீங்க இழுக்கக் கூடாதுங்க. அடிச்சவங்கதான் புடுங்கணும்” என்றேன்.

“அடிச்ச ஆளு இல்லியேம்மா.”

“அவரு பேத்தி இருக்கறாளே.”

தேன்மொழி என்னைப் பார்த்தாள். தாத்தா சாகும்போது அவளுக்குப் பதினைந்து வயது. அவருக்கு இவள் என்றால் உயிர். “நான் இழுக்கறேன் மாமா. நீங்க டார்ச்சு புடிங்க” என்றாள்.

பதினொன்றரைக்கு மறுபடியும் போனார்கள். நானும் செல்வமும் அதே படியில். ராணி மேலே கன்னிமார் பக்கத்தில், குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று மேற்குச் சுவரோரம் தண்ணீருக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு மேகம் எழும்பியது. பால் பொங்குகிற மாதிரி உருண்டு உருண்டு வந்தது. என் கால் பாதத்தில் சிலீர் என்று பட்டது. கிணற்றுத் தண்ணீர் இவ்வளவு நேரம் வெதுவெதுப்பாக இருந்தது; இது வேறு தண்ணீர்.

செல்வமும் காலை இழுத்துக்கொண்டான். “ஏம்மா, ஜில்லுன்னு…” என்றவன் அப்படியே நிறுத்திவிட்டான்.

அந்தோணி முதலில் வந்தார். பின்னாலேயே தேன்மொழி, மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கட்டை. முழங்கை நீளம், கரிக்கட்டை மாதிரிக் கறுப்பு. அதைச் சுற்றித் துணி. கழுவினதும் நீலத்தில் சிவப்புப் பூ தெரிந்தது. நைலக்ஸ் சேலை. அப்போது புதுசாக வந்திருந்தது. தலைதீபாவளிக்கு என் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தது. நாற்பது வருஷம் தண்ணீரில் கிடந்தும் மக்கவில்லை.

“நான் ஆட்டி ஆட்டி முக்கால்வாசி எடுத்து வச்சேன். கடைசில பேரு இவளுக்கு” என்றார் அந்தோணி. கண்ணாடியைக் கழற்றாமலே இருந்தார். அழுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

ஆனாலும் செல்வம் செல்வம்தான். “தண்ணி சில்லுன்னு இருந்தா ஆச்சா? மட்டம் ஏறணும்” என்றான். ஒரு கரித்துண்டை எடுத்துவந்து பதினேழாம் படிக்குப் பக்கத்தில், தண்ணீர் தொடும் இடத்தில், பாறையில் கோடு போட்டான். அவன் வார்த்தை அதுதான்: காலையில் பார்க்கலாம்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜேசிபி சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். எனக்கு முன்னாலேயே எல்லாரும் கிணற்று மேட்டில் நின்றார்கள். செல்வம் படியிறங்கிக்கொண்டிருந்தான். ராணி மேலிருந்து சத்தமாக எண்ணினாள். பதினாலு. பதினைந்து. பதினாறு. அவன் நின்றுவிட்டான். அடுத்த கால் வைக்கப் படி இல்லை. பதினேழாம் படி தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் பச்சையாகத் தெரிந்தது. கரிக்கோடு எங்கே என்றே தெரியவில்லை.

இரவில் மழை பெய்யவில்லை. எல்லாரையும் கேட்டுவிட்டேன். நாலு பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்.

ஜேசிபி டிரைவர் தலையை நீட்டினார். “அண்ணே, எந்தப் பக்கத்துலருந்து தள்ளட்டும்?”

செல்வம் மேலே ஏறிவந்து, கருங்கல் குவியலைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். “தள்ள வேணாம். கல்ல நாலு கரைக்கும் பிரிச்சிப் போடுங்க. செவுரு கட்டணும். நெஞ்சு ஒயரத்துக்கு.”

ராணி அடுப்பங்கரைக்குப் போய் ஜேசிபி டிரைவருக்கும் சேர்த்து உலை வைத்தாள்.

கிளம்பும்போது ஒரே ஒரு சிக்கல். வழக்கப்படி அந்தக் கட்டையை எரித்துத்தான் பொங்கல் வைக்க வேண்டும். நாற்பது வருஷம் ஊறின கட்டை எங்கே எரியும்? ராணி அதைத் தூக்கி என் ஒயர்க்கூடையில் வைத்தாள். “அடிச்சவங்க வூட்ல காயட்டும்க்கா. காஞ்சதும் கொண்டாங்க. அன்னிக்குத்தான் பொங்க.”

“தை மாசத்துக்குள்ள காஞ்சிடும்.”

“இல்லாட்டி மாசில வைப்போம். கெணறு எங்கியும் போயிடாது.”

தேன்மொழி பாப்பிரெட்டிப்பட்டிவரை வந்து பஸ் ஏற்றிவிட்டாள். அவள் தெற்கே, நான் வடக்கே. பொம்மிடியில் ரயிலில் ஒருத்தர், கூடையில் என்ன கட்டை என்று கேட்டார். மொரப்பூர் வரும்வரை சொன்னேன். கடத்தூருக்குப் போக வேண்டியவர் அவர், இடையில் இறங்காமல் கேட்டுக்கொண்டே வந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் குழாய் இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். முன்னெல்லாம் குடம் நிறைந்ததும் உள்ளே போய்விடுவேன். இப்போது கொஞ்ச நேரம் நின்று கையை நீட்டிப் பார்க்கிறேன், சில்லென்று இருக்கிறதா என்று. இல்லை. குழாய்த் தண்ணீர் குழாய்த் தண்ணீர்தான்.

கட்டை மொட்டைமாடியில் காய்கிறது. காலையில் வெயிலுக்கு நகர்த்துகிறேன், சாயங்காலம் பனி படாமல் உள்ளே எடுத்து வைக்கிறேன். நேற்று ராணி போன் செய்தாள். தண்ணீர் பன்னிரண்டாம் படிக்கு ஏறிவிட்டதாம். போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய்க் கட்டையைத் தூக்கிப் பார்த்தேன். எடை குறைந்திருக்கிறது.